கெசியா தைத்த வாய்

கெசியா லட்லோவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது அவளை விட்டுப் போகாது. இங்கிலாந்தின் மேற்கே ஆஷ்கம் என்கிற ஊரில் ஆட்டுத்தோல் கையுறை தைத்துப் பிழைத்த விதவை அவள். நெசவுக்காரத் தம்பி ஏமஸும் அவள் வீட்டிலேயே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரியார் ஹார்க்னஸ் தேவாலயத்தில் ஒரு சின்னப் புத்தகத்தை வாசிப்பார். பழைய சுவரில் ஒரு கல்லைப் பிடுங்குகிறவனுக்கு அந்தக் கல் எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரியாது. அரசும் அப்படித்தான், கை வைக்காதே என்று அது சொல்லும். வார நாட்களில் ஏமஸ் மதுக்கடையில் வேறொரு புத்தகத்தை வாசிப்பான். கூரை ஒழுகினால் கூரையை மாற்று, நனைகிறவனுக்குப் பொறுமையைப் போதிக்காதே என்று அது சொல்லும். கடையின் பின்புறம் தோல் காயப்போட்டபடியே கெசியா அதையும் கேட்பாள். இரண்டுமே அவளுக்கு நியாயமாகப் பட்டன. அதுதான் அவளுக்குத் தொல்லை.

பிரான்சில் அரசனின் தலையை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தி வந்த குளிர்காலத்தில் ஊர் இரண்டுபட்டது. ஏமஸ் வாசித்த புத்தகத்தை எழுதியவனுக்கு வைக்கோலில் உருவம் செய்து, சந்தையில் விசாரணை நடத்தி எரிப்பதென்று பாதிரியாரின் கூட்டம் முடிவெடுத்தது. உருவத்தைத் தைத்துத் தரச் சொல்லி அவரே அவளிடம் வந்தார்.

"அந்த ஆளு மூஞ்சிய நான் பாத்ததே இல்லையேங்கய்யா."

"யாரு பாத்தா? ஏதோ ஒரு மூஞ்சி இருந்தாப் போதும். வாயை மட்டும் நல்லா இறுக்கித் தைச்சுடும்மா. அவன் பேசினவரைக்கும் போதும்."

குடியிருந்த வீடு தேவாலயத்துடையது. மறுக்க முடியவில்லை. செத்துப்போன கணவனின் கோட்டுக்குள் வைக்கோலைத் திணித்து, கையுறைத் தோலில் முகம் வைத்துத் தைத்து, அடுப்போரம் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

வேலை முடிந்து வந்த ஏமஸ் சிரித்தான். "என்னக்கா, மாப்பிள்ளை பாத்தாச்சா?" கிட்டே போனதும் சிரிப்பு நின்றது. "இது என் மூஞ்சி மாதிரியில்ல இருக்கு."

"தோலு காய்ஞ்சு சுருங்குதுடா. அப்படித் தெரியுது."

மறுநாள் காலையில் உருவத்தின் வாய்த் தையல் வெட்டப்பட்டிருந்தது. தம்பியின் குறும்பு என்று திட்டிவிட்டு மறுபடி தைத்தாள். அடுத்த காலையிலும் அதே கதை. பழியிலிருந்து தப்ப வேண்டுமென்று ஏமஸ் கண் கொட்டாமல் காவல் இருந்தான். வெயில் ஏறி அவள் விழித்தபோது சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தான்.

"நான் தொடலக்கா. நீதான் விடியக்காலம் எந்திரிச்சு வந்தே. கண்ணு திறந்திருந்துச்சு, ஆனா என்னைப் பாக்கல. கத்தரிய எடுத்து ஒவ்வொரு தையலா வெட்டினே."

"பொய் சொல்லாதடா."

"வெட்டிட்டுப் பேசினே. முதல்ல பாதிரியார் குரலு, அப்புறம் என் குரலு. ரெண்டும் மாத்தி மாத்திச் சண்டை போட்டுச்சு."

கெசியா தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

அன்றே வாயைத் தைத்து உருவத்தை அனுப்பிவிட்டாள். மத்தியானம் சந்தையில் விசாரணை நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வராததால் குற்றம் உறுதியானது. தீ வைத்தார்கள். ஈர வைக்கோல் வெள்ளைப் புகையாகக் குமைந்தது. சூட்டில் தோல் முகம் சுருங்கிற்று, தையல் படபடவென்று தெறித்தது, வாய் அகலமாகத் திறந்துகொண்டது. உள்ளே அடைபட்டிருந்த ஆவி அதன் வழியே நீண்ட ஊளையாக வெளியேறியது.

முன்வரிசை பின்வாங்கியது. "இன்னும் விறகு போடுங்க" என்றார் பாதிரியார். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் கெசியாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பனி உருகியதும் ஏமஸ் மூட்டை கட்டினான். "பாதிரியார் ஆளுங்களுக்கு நான் பயப்படலக்கா. நீ தூங்குற வீட்டுல படுக்கத்தான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அமெரிக்கக் கப்பல் ஏறினான். அவள் அழக்கூட இல்லை. நியாயமான பயம்தானே.

விடியற்காலையில் அவள் வீட்டுப்பக்கம் நடக்க ஊரார் அஞ்சினார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு ஆண் குரல்கள் வாதாடும். படுக்குமுன் கெசியா தன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பார்த்தாள். எழுந்து பார்த்தால் துணி மேசைமேல் அழகாக மடித்துவைக்கப்பட்டிருக்கும்.

ஒருநாள் பாதிரியாரே வந்து கதவடியில் நின்று கேட்டார். உள்ளே அவருடைய குரலே ஒலித்தது. ஏமஸின் குரல் மறுத்தது. பிறகு ஒரு பெண் குரல் மெதுவாக, "சரி, ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. இப்ப நான் சொல்றேன்" என்றது. அது என்ன சொல்கிறது என்று கேட்க அவர் நிற்கவில்லை. அன்று பகலில் அவளைப் பார்த்து நடந்ததை மட்டும் சொன்னார்.

கெசியா வெகுநேரம் யோசித்தாள். பிறகு கையுறைத் தோலை மடித்துவைத்துவிட்டு, பெண்கள் நுழையாத மதுக்கடைக்குள் நேராகப் போய், தம்பி உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். விழித்த கண்ணோடு, தன் சொந்தக் குரலில், சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் தனக்குப் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

அதற்காக அவள் ஜன்னல் கண்ணாடியை எவனோ உடைத்தான். அவள் தோல் துண்டு வைத்து அடைத்துக்கொண்டாள். விடியற்காலைக் குரல்கள் அதன்பிறகு கேட்கவில்லை. வாரம் ஒருமுறை மதுக்கடையில் அவள் பேச்சு கேட்டது, அவள் சாகும்வரை.