மணியின் காதில் விழுந்த வெட்டு

நான் படித்தது நாலாம் வகுப்புதான். ஆனால் தோலைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லிவிடுவேன். அந்த மூளையால்தான் ஆம்பூரில் சொந்தமாக ஷூ கம்பெனி வைத்தேன். அதே மூளைதான் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது.

கம்பெனி வாசலில் கிடக்கும் தெருநாய் மணியை நகராட்சி வண்டி பிடித்துப்போய், சில நாளில் அதே இடத்தில் கொண்டுவந்து விட்டது. இடது காதில் ஒரு வெட்டு. எங்கள் தொழிலில் தோலின் ஓரத்தில் வெட்டுக்குறி விழுந்தால், அதை வாங்கிப்போக ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். மணிக்கும் எவனோ குறி போட்டுவிட்டான் என்றே நினைத்தேன்.

அடுத்த வருடம் வண்டி வந்ததும் மணியைக் குடோனில் பூட்டினேன்.

"காது வெட்டு, கருத்தடை பண்ணதுக்கு அடையாளம் பெரியவரே. இப்ப வெறிநாய் ஊசி போட வந்துருக்கோம்" என்றார் வண்டிக்காரர்.

"தோல்காரன்கிட்டயே கதை வுடுறியா?" என்று துரத்திவிட்டேன்.

விஷயம் தெரியாமல் குடோனைத் திறந்த தையல்காரி கல்பனாவின் காலை, மிரண்டிருந்த மணி கடித்துவிட்டது. ஊசி தவறிய நாய் என்றதும் அவளை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

"ஓனரு, சந்தேகம் உங்களுக்கு, ஊசி எனக்கா?" என்றாள் கல்பனா.

நல்லவேளை, அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாயும் நன்றாக இருந்தது.

இப்போது வண்டி வந்தால் மணியை நானே பிடித்துக் கொடுக்கிறேன். காது வெட்டாத நாய் தெருவுக்கு வந்தால் நகராட்சிக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மருந்துப் புட்டியின் காலாவதித் தேதியைக் கல்பனா படித்துச் சொன்ன பிறகுதான் ஊசி போட விடுவேன்.