ஃபிரிட்ஜில் ஒட்டிய பொய்

மொன்டானா மலையடிவாரத்தில் குழாய் ரிப்பேர் பார்க்கும் ஆர்லோ, எல்க் மான் வேட்டைக்குத் தயாராவதைப் பார்த்தால் போருக்குப் போகிறவன் கூட வெட்கப்படுவான். ஆகஸ்ட் பிறந்ததும் முதுகுப்பையில் இருபது கிலோ உப்பு மூட்டையைத் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறி இறங்குவான். துப்பாக்கியின் குறி பார்ப்பான், கரடியை விரட்ட மிளகாய் ஸ்பிரே வாங்குவான். அறுபத்தோரு வயதில் இத்தனை கவனமான மனிதன் ஒரே ஒரு விஷயத்தில்தான் கோட்டை விட்டான்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஆர்லோவும் இருபத்திரண்டு வருடம் ஒட்டினான். இடம் மட்டும் பொய். மனைவி நெட்டியின் தம்பி ராய்ஸ், தனிக்கட்டை, அவனும் வேட்டைக்காரன், வாராவாரம் பீர் எடுக்க அந்த ஃபிரிட்ஜைத்தான் திறப்பான். மான் நிற்கும் இடத்தைப் பெற்ற தாய்க்கும் சொல்லாத கூட்டம் அது.

போன வருடம் கணுக்கால் பிசகி, பாறை இடுக்கில் விழுந்து கிடந்தான். சாயங்காலம் பக்கத்தில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் இடம் தெரிந்துபோகுமே என்று வாயைப் பொத்திக்கொண்டான், பாழாய்ப்போன இருமல்தான் அடங்கவில்லை. ஊரே திரண்டு, தாளில் எழுதியிருந்த நரி ஓடையைச் சலித்தது. இவனோ இரண்டு மலை தள்ளி, மறுநாள் தவழ்ந்தே ரோட்டுக்கு வந்தான். நெட்டி ஒரு மாதம் பேசவில்லை.

இந்த வருடம் பேசினாள்.

"நெஜத்த எழுதி, உறையில போட்டுக் கொடு. இல்லன்னா வீட்லயே கெட."

"உன் தம்பி பாத்துருவான்."

"டிராயர்ல பூட்டி வச்சுக்கறேன். அவன்கிட்டயும் எழுதி வாங்கியிருக்கேன்."

சொத்தை எழுதிக் கொடுப்பவன் போல, 'உடைந்த ஏணிப் பள்ளம், வடக்குச் சரிவு' என்று எழுதிக் கொடுத்தான். நெட்டி பிரித்துப் படித்தாள். டிராயரைத் திறந்து இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஆரஞ்சுச் சட்டைய மறக்காமப் போட்டுக்க, மனுசன்னு தெரியணும். அசையறதெல்லாம் மான்னு சுட்டுறாத."

"அங்க வேற யாரு வரப்போறா?"

"நேத்து ராய்ஸும் இதையேதான் கேட்டான்."

ஆர்லோவுக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்திரண்டு வருடமாகத் தன் பீரையே குடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே புளுகியிருக்கிறான் அந்த ராய்ஸ் படுபாவி. போனை எடுத்தான். திட்டத்தான் எடுத்தான். அதற்குள் அந்தக் காலடிச் சத்தம் நினைவுக்கு வந்துவிட்டது.

"ராய்ஸ், போன வருஷம் சாயங்காலம் அந்தப் பாறைப் பக்கம் நடந்தது நீயா?"



"யாரோ இருமுற சத்தம் கேட்டுச்சு மாமா. எவனோ நம்ம எடத்தக் கண்டுபிடிச்சுட்டான்னு, அவன் கண்ணுல படாம நழுவிட்டேன்."

ஆர்லோ நாற்காலியில் உட்கார்ந்தான். காலைத் தடவிக்கொண்டான்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துரு," என்றான். "ஒரே வண்டியில போவோம்."

நெட்டி ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.