இரண்டு கம்ப்யூட்டர், ஒரே மார்க்

வேப்பம்பட்டில் நான் ஏறிய ரயிலில், காக்களூர் கம்பெனியின் நீலச் சீருடையில் ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தார். நொடிக்கொரு தரம் போன் திரையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார். அதில் ஓடியது முந்தின இரவு அவரே இணையத்தில் நடத்திய வினாடி வினா லைவின் பதிவு.

நானும் லைவ் நடத்துவதாகச் சொன்னேன். சாட்டில் வரும் பதில்களுக்குத் தானாக மார்க் போடும் புரோகிராமான என் பாட், ஒரே பதிலுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மார்க்கும் லேப்டாப்பில் வேறு மார்க்கும் காட்டுவதை மட்டும் சொல்லவில்லை.

“லைவ்ல கரண்டு போனா?” என்று கேட்டேன்.

“ஆர்.கே.பேட்டைல அக்கா ஊட்டு கம்ப்யூட்டர்ல பாட் ஓடிக்கினே இருக்கும்ணா. ரெண்டுத்துலயும் ஒரே மார்க்குதான்.”

எனக்கு வயிறு எரிந்தது. எட்டு மாதமாக நான் முட்டி மோதியும் வராத விஷயம் அது.

“எப்படி பண்றதுன்னு எழுதித் தரட்டா?” பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

“வேணாம்மா. எனக்குத் தெரியும்.”

சிரித்துவிட்டுத் திருவள்ளூரில் இறங்கிப் போனார். முன்பின் தெரியாதவனுக்கு அதைத் தூக்கிக் கொடுக்க எப்படி மனசு வந்ததோ, இன்றும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவரை ஜன்னலில் பார்த்ததும் நான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.