அறுநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்

என்னிடம் ஒரு பழைய ரேடியோ ரிசீவர் இருக்கிறது. எடை முப்பத்தாறு கிலோ. முன்பக்கத்தில் பதினொரு திருகு குமிழ்கள்; அவற்றில் இரண்டு சுற்றாது. உள்ளே ஒன்பது கண்ணாடி வால்வுகள். ஆறு எரியும், இரண்டு எரிவதுபோல் பாவனை செய்யும், ஒன்று செத்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு மூடியின் பதினாறு ஆணிகளைக் கழற்றி, வால்வுகளைப் பிடுங்கி, அவற்றின் கால்களை ஸ்பிரிட்டில் துடைத்துத் திரும்பச் செருகுகிறேன். சென்ற மாதம் ஓர் ஆணி குறைந்தது. வீடு முழுக்கக் கூட்டிப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் இப்படிக் கிழவனாகிப் போன ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்கிறாள் என் மனைவி. பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடலாமே என்கிறான் என் மகன்.

இது அப்பாவுடையது. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அக்டோபர் வரை இதில் உலகம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. காரணம் நான். இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூவரும் "சின்னப் பையன்தானே" என்றார்கள். அதைக் கேட்பதற்காகவா சொன்னேன்?

அப்போது காரைக்குடியில், செக்காலையில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். அவரிடம் அமெச்சூர் ரேடியோ உரிமம் இருந்தது. மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் பரீட்சை எழுதித் தேறி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கியவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் சொந்தக் கருவியில் பேசிக்கொள்ளலாம். வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. மிச்சம் இருப்பது மழையும் வெயிலும், கருவி எப்படி என்ற விசாரிப்பும்தான். அதைப் பேசத்தான் அவ்வளவு பாடு.

ரிசீவர் யுத்தகாலத்தில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, பல கை மாறி, சென்னையிலிருந்து ரயிலில் வந்தது. டிரான்ஸ்மிட்டரை அப்பாவே அலுமினியத் தகட்டில் துளை போட்டுக் கட்டியிருந்தார். மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து கொல்லைத் தென்னைமரம் வரை இருபது மீட்டர் செப்புக்கம்பி, அதுதான் ஏரியல். காக்கை உட்கார்ந்தால்கூட அப்பாவுக்கு உள்ளே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டிக்குச் செய்த ஊழியம் கொஞ்சமில்லை. வெயில் காலத்தில் தூசி, மழைக் காலத்தில் ஈரம். ஈரம் ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். அதனால் மழை நாட்களில் பெட்டிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பைத் தினமும் ஒரு மணி நேரம் எரியவிட்டுக் காயவைப்பார். அதற்குப் பிறகும் நேராக மின்சாரம் கொடுக்கமாட்டார். வெளியே ஒரு நூறு வாட் பல்பின் வழியாகத்தான் கொடுப்பார். பல்பு பளிச்சென்று நின்றால் உள்ளே கோளாறு. பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் பயமில்லை. அது மங்கும்வரை அப்பா மூச்சு விடமாட்டார். நான் எண்ணியிருக்கிறேன்; ஏழு விநாடி.

"இதுக்குப் பாக்குற பாட்டுக்கு ஒரு மாடு வச்சிருந்தா பாலாவது கறக்கும்" என்பாள் அம்மா.

அம்மாவின் இன்னொரு குறை அந்த அறையின் சுவர்க்கடிகாரம். அது எப்போதும் தப்பான நேரமே காட்டும். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். "ஒரு கடியாரத்தத் திருப்பி வைக்கத் தெரியல, சீமைக்காரனோட பேசப் போயிட்டாக" என்று அவள் சொன்னால், "அது அப்படித்தான் ஓடணும்" என்பார் அப்பா. அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்குத் தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டு வருகிறவர் வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். அந்தச் சிக்கனம் எங்கே கொண்டுவிட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்துபோனார். கொன்றவர்கள் ஒயர்லெஸ்ஸில் இலங்கையோடு பேசிக்கொண்டார்கள் என்றார்கள்; அதற்குப் பிறகு அந்தச் சொல் இல்லாமல் செய்தித்தாளே வரவில்லை. இலங்கைப் பக்கத்துக் கடற்கரை எங்களுக்கு இரண்டு மணி நேரத் தூரம். எங்கள் மொட்டைமாடிக் கம்பியைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, வங்கியில் வேலை. அவர் வாரத்துக்கு இரண்டு முறை வந்து அப்பாவிடம் மன்றாடினார்.

"மச்சான், ஊரே பயந்து கெடக்கு. இன்னமும் அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுகிறீக. தூக்கிக் கெணத்துல போடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறீக. எனக்கும் சேத்துல்ல வேட்டு வச்சிருவீக போல!"

"எங்கிட்ட லாக் புத்தகம் இருக்குப்பா" என்றார் அப்பா. "யாரோட பேசுனேன், எத்தன மணிக்குப் பேசுனேன், ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். வந்து பாக்கட்டும்."

லாக் புத்தகம் என்பது நீள வாட்டமான பச்சை அட்டை நோட்டு. ஒவ்வொரு பேச்சையும் நாள், மணி, எதிராளியின் அடையாள எழுத்து என்று அதில் பதிய வேண்டும் என்பது விதி. கேட்பவர்களுக்குக் காட்ட அப்பாவிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். செப்டம்பர் கடைசியில், கருவியைச் சோதிக்க அதிகாரிகள் வருவார்கள் என்று தேதி குறித்துக் கடிதம் வந்தபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

கடிதம் வந்த நான்காம் நாள், விடைத்தாள் திருத்தும் வேலைக்கு அவர் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. பதினோரு நாள் வேலை. சோதனைக்கு முந்தின இரவுதான் திரும்புவார். மழை பிடித்துவிட்டது. பல்பு போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "ஒரு மணி நேரம். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நீதான் எண்ணுறதுல கெட்டிக்காரனாச்சே." எனக்கு வயது பதினொன்று, ஆறாம் வகுப்பு. அந்த அறைக்குள் தனியாக உட்கார எனக்குக் கிடைத்த முதல் அனுமதி அது.

ஒரு மணி நேரம் சும்மா எப்படி இருப்பது? இரண்டாம் நாள் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, காலை ஒன்பதரைக்கு அப்பா யாருடனோ பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். நோட்டில் நான்கு மணி என்று இருந்தது. காலை நான்கு மணிக்கு அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அதற்கு முந்தின செவ்வாய், இரவு எட்டு மணி. நோட்டில் பதினாலு முப்பது, அதாவது பகல் இரண்டரை. எனக்கு நினைவிருந்த ஏழு பேச்சுகளையும் சரிபார்த்தேன். ஏழிலும் ஐந்தரை மணி நேரம் குறைந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. அப்பா அந்தக் கோளாறுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் எழுதியிருக்கிறார்!

 அதிகாரிகள் வந்து இதைப் பார்த்தால் அப்பாவின் கதி என்ன? பள்ளிக்கூட நேரத்தில் ரேடியோவில் பேசியதாக அல்லவா எழுதிவைத்திருக்கிறார்?

அப்பாவின் மேசையில் சிவப்பு மைப் பேனா ஒன்று கிடந்தது. அவர் திருத்துகிற முறை எனக்குத் தெரியும்: தப்பின்மேல் ஒரே கோடு, பக்கத்தில் சரியான விடை. அப்படியே செய்தேன். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒரு நாளைக்கு அறுபத்தெட்டு வீதம் ஒன்பது நாள். எல்லாவற்றிலும் ஐந்தரையைக் கூட்டினேன். நள்ளிரவைத் தாண்டியவற்றுக்குத் தேதியையும் ஒன்று கூட்டினேன். அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்து, வீட்டுப்பாடம் என்று நினைத்துப் போய்விட்டாள். கடைசி நாள் நாற்காலிமேல் ஏறிச் சுவர்க்கடிகாரத்தையும் சரியாகத் திருப்பி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரிகளுக்கு எதிரிலேயே அப்பா பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அப்பா கடைசி பஸ்ஸில் வந்தார். காலையில் கருவியைத் துடைத்தார், பல்பின் வழியாக மின்சாரம் கொடுத்தார், பல்பு மங்கியது. லாக் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார், திறக்கவில்லை. திறந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

பத்து மணிக்குச் சென்னையிலிருந்து வந்த அதிகாரியும் உள்ளூர் ஏட்டு ஒருவரும் வந்தார்கள். அதிகாரி ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். ரிசீவரைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். "இந்த மாடலை நான் படத்துலதான் சார் பாத்திருக்கேன். வால்வெல்லாம் எங்க புடிக்கிறீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார். என் வாழ்நாளில் அவர் தொடர்ச்சியாகக் கால் மணி நேரம் பேசிக் கேட்டது அன்றுதான்.

ஏட்டுக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரே, இதுல சிலோன்காரனோடயும் பேசலாமா?"

"பேசலாம். பேசியிருந்தா அந்த நோட்டுல இருக்கும்."

அதிகாரி நோட்டை எடுக்கக் கை நீட்டியவர், சுவரைப் பார்த்து நின்றார். "ஏன் சார், கடிகாரம் நம்ம நேரத்துல ஓடுது? நீங்க ஜி.எம்.டி. வைக்கிறதில்லையா?"

உலகம் முழுக்க ரேடியோக்காரர்கள் ஒரே நேரத்தைத்தான் எழுதுவார்கள். லண்டன் பக்கத்துக் கிரீனிச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. அந்தக் கடிகாரம் அதற்காகவே இருந்தது. இதை நான் ஏழாம் வகுப்புப் புவியியலில்தான் படித்தேன். எட்டு மாதம் தாமதமாக.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் உள்ளங்கையை நோட்டின்மேல் வைத்து, எடுத்து, அதிகாரியிடம் தள்ளினார்.

பதினான்கு பக்கம் வரை அதிகாரி புரட்டினார். "அடிச்சு எழுதக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா? எல்லா வரியும் அடிச்சிருக்கே. யாரு சார் இதத் திருத்தினது?"

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். "நா..." என்பதற்குள் அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. எலும்பு வலித்தது.

"நாந்தான்" என்றார் அப்பா.

"லெட்டர் வந்த பிறகா?"

"ஆமா."

ஏட்டு குனிந்து பார்த்தார். "சின்னப் புள்ள கிறுக்குன மாதிரியில்ல இருக்கு. ஏன்டா தம்பி, நீ இந்த ரூமுக்குள்ள வருவியா? இதத் தொடுவியா?"

"அவன் வரமாட்டான்" என்றார் அப்பா. "என் கையெழுத்து அப்படித்தான்."

பள்ளிக்கூடத்திலேயே அழகான கரும்பலகை எழுத்து அவருடையது. காப்பியோடு வந்த அம்மா சிவப்பு மையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தவளை, "காப்பியக் குடுத்துட்டு உள்ள போ" என்று அப்பா அனுப்பினார்.

அதிகாரி இரண்டு பக்கம் எழுதினார். எழுதும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் சாக்கில் கட்டி அரக்கு வைத்தார்கள். ஜீப்பில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. தெருவில் இருபத்தாறு பேர் நின்று பார்த்தார்கள், எண்ணினேன்.

அந்த வருடம் அப்பாவை ஒன்பது முறை காவல் நிலையத்துக்கும் இரண்டு முறை சென்னைக்கும் அழைத்தார்கள். மாமா எட்டு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வந்தபோது, "நான் அன்னைக்கே சொன்னேன்ல மச்சான்" என்றபடிதான் செருப்பைக் கழற்றினார். பதினான்கு மாதம் கழித்து ரிசீவர் மட்டும் திரும்பி வந்தது. ஈரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பச்சை பிடித்திருந்தது. உரிமம் வரவில்லை. அப்பா சாக்கைப் பிரிக்கவே இல்லை. அவர் இறந்த பிறகு நான்தான் பிரித்தேன். அவர் உயிரோடிருந்தவரை, ஏன் அப்படிச் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் ஒருமுறை கேட்டேன், வேறு விதமாக. ஜீப் போன நிமிடத்திலிருந்து நான் அப்பாவோடு காய். ஒன்பது நாள் பாடுபட்டது நான். பெரிய மனிதர்களுக்கு முன்னால் பெயரைத் தட்டிக்கொண்டு போனது அவர். மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் என் தட்டில் வைத்த முட்டையையும் தொடவில்லை. நான்காம் நாள் மாலை, மொட்டைமாடியில் அவர் ஏரியல் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அது நான் பண்ணுனது. அறுநூத்திப் பன்னெண்டு. நீங்க பண்ணுனதா ஏன் பொய் சொன்னீக?"

அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "இருபது மணின்னு போட்டிருந்தத எப்படி மாத்துன?" என்று கேட்டார்.

"ராத்திரி ஒன்றரை. தேதியையும் ஒண்ணு கூட்டுனேன்."

"பெரிய ஆளுகளே அந்தத் தேதிய விட்டுருவாக."

"அப்ப நான் போட்டது சரிதானே?"

"கணக்கு சரிதான்" என்றார். கம்பியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் முகம் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் சுருட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவோட பழம் விட்டுட்டேன்" என்றேன். "பாவம்னு விட்டுட்டேன். இனிமே இப்படிப் பொய் சொல்லக் கூடாதுன்னு நீ சொல்லி வையி."  கஞ்சி ஆவி கண்ணில் பட்டுவிட்டது போல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் பசித்தது. தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.