குஞ்சம்மாளின் கொட்டாவி

நாவலாசிரியர் வேதாந்தத்துக்கு எத்தனை விருது, எத்தனை பொன்னாடை! அவர் சொல்லாமல் விட்ட இடங்களில்தான் இலக்கியமே இருக்கிறது என்று விமர்சகர்கள் உருகினார்கள். அந்த இடங்களை விட வைத்தது அவருடைய சமையல்காரி என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்! எனக்குத் தெரியும். டெல்லி ஜனக்புரியில் அவருக்குக் கீழ்வீட்டுக்காரன் நான். பாங்க்கில் ஓய்வு பெற்ற பாவத்துக்கு அவருடைய கோழிக்கிறுக்கலை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவன்.

குஞ்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சமைத்தாள். முதலில் மதராசி கேம்ப் குடிசையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கேம்ப்பை இடித்த பிறகு ஊர்க்கோடி நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி, கண்டக்டரிலிருந்து சர்க்கார் வரை எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

காலையில் எழுதியதை வேதாந்தம் பதினொரு மணிக்கு அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டுவார். "ஐயா, குக்கர் விசிலை எண்ண வுடுங்க!" என்று அவள் கத்துவாள். மனிதர் நிறுத்தமாட்டார். எந்த வரியில் அவள் கொட்டாவி விட்டாளோ, அங்கே ஓரத்தில் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த பகுதி புத்தகத்தில் வராது. அவ்வளவுதான் அவருடைய இலக்கியக் கொள்கை.

முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் சுபாஷிணி, அந்த வட்டங்கள் பிரபஞ்சத்தின் வெறுமையைக் குறிக்கின்றன என்று முந்நூறு பக்கம் எழுதியிருந்தாள். அதைக் கேட்ட குஞ்சம்மாள், "அது என் வாயி, கண்ணு" என்றாள். பாவம், அந்தப் பெண் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

போன டிசம்பரில் வேதாந்தம் போய்விட்டார். கடைசி நாவலின் கடைசி அத்தியாயத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவதற்குள் ஆஸ்பத்திரி, அப்புறம் நிகம்போத் காட் சுடுகாடு. நாற்பது பக்கம், ஒரு வட்டம்கூட இல்லை. பதிப்பாளர் ஒரு வாரம்தான் கெடு கொடுத்தார்.

மகள் வைதேஹி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "அங்கிள், எது இருக்கணும், எது போகணும்னே தெரியலை. லாஸ்ட் புக்ல அப்பா பேர் கெட்டுப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று அழுதாள். நான் வேண்டுமானால் பார்த்துச் சொல்கிறேனே என்றேன். மரியாதையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, குஞ்சம்மாளுக்கு போன் போட்டாள். எனக்கு வந்த கோபம்!

மறுநாள் குஞ்சம்மாள் பீன்ஸ் நறுக்க உட்கார, நான் படித்தேன். வைதேஹி பேனாவோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது பக்கம் தாண்டியும் வாய் திறக்கவில்லை. அப்புறம் கதையில் ஒரு சமையல்காரி வந்தாள். அவள் கைப்பக்குவம் என்ன, அவளே அன்னபூரணி என்ன, அவள் வைத்த ரசத்தில்தான் தன் உயிர் ஓடியது என்ன என்று நாலு பக்கம். வைதேஹி தேம்பினாள்.

குஞ்சம்மாள் கடைவாய்ப்பல் தெரியக் கொட்டாவி விட்டாள்.

"குஞ்சம்மா! இது நீங்கதான்! புரியலையா?"

"புரியாம என்னா பாப்பா? அதான் கொட்டாவி வருது. வட்டத்தப் போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடியே, ஊர் உலகமே படிக்கப்போகுது! உன் பேர் நிக்கும்!"

"நிக்கட்டும், படுக்கட்டும். கொட்டாவி வந்தா அடக்கக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு சார். இப்ப எனக்காக மாத்தினா அவரு பேருதான் கெடும்."

வைதேஹி வட்டம் போட்டாள். மிச்சம் இருந்த பக்கங்களைப் படித்து முடித்தேன். வேறு எங்கும் கொட்டாவி இல்லை. நாவல் தப்பித்தது.

காய்த்தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்த குஞ்சம்மாள் அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை. சண்டைக்கு வருகிற குரலில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இருபத்திரெண்டு வருசம் என் கையால சாப்பிட்டாரே சார். நாலு பக்கம் நீட்டி முழக்கினவரு, ஒருநாள், ஒரே ஒருநாள், 'ரசம் நல்லாருக்கு குஞ்சம்மா'ன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"