பதினொரு நெல்

கதிர் வந்த நெல்வயலை வீரம்மாள் சும்மா கடந்து போனதே இல்லை. ஒரு நெல்லைக் கிள்ளி நகத்தால் நசுக்குவாள். பால் தெறித்தால் நடையைக் கட்டுவாள். பதராக இருந்தால் அந்தச் செடியையே சுற்றிச் சுற்றி வருவாள். திண்டிவனம் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில் தற்காலிக உதவியாளனாக இருந்த துரைக்கண்ணு இதை வருடக்கணக்காகப் பார்த்தான். ஏதோ பழக்கதோஷம் என்று விட்டுவிட்டான்.

பனமலையிலிருந்து ஒரு நெற்செடி பண்ணைக்கு வந்தது 1984-இல். அதன் மகரந்தத்தில் உயிர் இல்லை என்று தோன்றியது. அப்படி ஒரு தாய்ச்செடி கிடைத்தால் வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்து வீரிய ஒட்டு விதை எடுக்கலாம். பூப்பூவாக மகரந்தப்பையைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். சோதிப்பதற்காக, வெளி மகரந்தம் சேராதபடி கதிரைக் காகித உறையால் மூடினார்கள். உள்ளே நெல்லே பிடிக்காவிட்டால் அது பிறவி மலடு, தேடிய செடி. காவல், பண்ணையில் கூலிவேலை செய்த வீரம்மாள்.

உறையைப் பிரித்தபோது பதினொரு நெல் இருந்தது. "சாதாரணச் செடி" என்று பதிவேட்டில் எழுதிய அதிகாரி, செடியைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியவளும் வீரம்மாள்தான்.

ஐந்து வருடம் கழித்து, வரப்பில் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று துரைக்கண்ணுவிடம் சொன்னாள்: "அந்தச் செடி மேல தப்பு இல்ல தம்பி. எம்மேலதான்."

"இன்னாக்கா சொல்றே?"

"மழையில உறை நனைஞ்சி கதிரோட ஒட்டிக்கினு கெடந்துச்சி. அழுவிடுமேன்னு கழட்டிக் காய வச்சேன். பத்தே நிமிசம். பக்கத்துப் பாத்தி பூரா பூவு, காத்து வேற."

துரைக்கண்ணுக்குப் புரிந்தது. காற்றில் வந்த மகரந்தம்தான் பதினொரு நெல்லாகியிருக்கிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்களே. காலேஜு படிச்ச நீ மட்டும் கண்டுபுடிச்சியா?" என்று சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கண்ண மூடுனா பதினோரு நெல்லும் வரிசையா நிக்குது தம்பி. அதே மாதிரி இன்னொன்னு கெடச்சிடாதான்னு எங்க போனாலும் கை வயலுக்குப் போவுது. திங்கக்கெழம அய்யாகிட்ட சொல்லிடறேன். நீயும் வா. வாயடச்சிப் போனா எடுத்துக் குடு."

சனிக்கிழமை காய்ச்சலோடு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போன வீரம்மாள் திரும்பவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் துரைக்கண்ணு பழைய பதிவேட்டை எடுத்தான். உறை ஒருநாளும் கலையவில்லை என்று தினமும் கையெழுத்துப் போட்டிருந்தது அவனேதான். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. நடந்ததை எழுதப் பேனாவைத் திறந்தான். அவனை வேலையில் நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மாதம்தான் வருவதாக இருந்தது.

பேனாவை மூடினான். வீரம்மாள் சொல்ல வேண்டியிருந்தது இன்னும் அப்படியே நிற்கிறது.