நான்கு வருடம் அணையாத பெட்டி

அந்த மருந்து விநியோக நிறுவனத்தில் அவளைப் பென்குயின் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னம் பென்குயின் என்பதால் வந்த பெயரா, அவள் நடையைப் பார்த்து வந்த பெயரா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவளுக்கு இரண்டுமே சம்மதம். பெயர் வைத்துக் கூப்பிடுகிற அளவுக்காவது கணினிப் பிரிவு என்று ஒன்று இருப்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்பாள்.

அவள் அங்கே சேர்ந்தது பில் தட்டச்சு செய்யும் வேலைக்கு. நெட்வொர்க் அவளாகக் கற்றுக்கொண்டது. வீட்டில் மகள் தூங்கிய பிறகு, அலுவலகம் கழித்துப்போட்ட கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, கெடுத்து, மறுபடி ஏற்றி, மறுபடி கெடுத்துக் கற்றாள். மாட்டிக்கொண்டபோதெல்லாம் இணையத்தில் கேட்டாள். முகம் தெரியாத யாரோ, எந்த ஊரோ, பொறுமையாகப் பதில் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. தப்புச் செய்தவர் தானே வந்து, 'நான் இன்ன இடத்தில் கோட்டைவிட்டேன், நீங்களும் விழுந்துவிடாதீர்கள்' என்று எழுதிவைப்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். கொஞ்ச காலத்தில் அவளும் அப்படி எழுத ஆரம்பித்தாள்.

கிடங்குகளைத் தலைமை அலுவலகத்தோடு இணைத்திருந்த பழைய கருவி ஒருநாள் மூச்சை நிறுத்தியதும் அவளுக்கு யோகம் அடித்தது. புதுக்கருவி வர நாளாகும் என்றார்கள். அதுவரை சமாளிக்கலாம் என்று, மூலையில் கிடந்த கணினியில் இரண்டு நெட்வொர்க் அட்டைகளைச் செருகி லினக்ஸை ஏற்றி வைத்தாள். அது சமாளிக்க மட்டும் செய்யவில்லை, பழையதைவிட நன்றாகவே ஓடியது. புதுக்கருவி வேண்டாம் என்று சொல்ல அவளே மேலாளர் அறைக்குப் போனாள்.

"காசு வாங்காம ஒருத்தன் எதுக்கும்மா இதையெல்லாம் செஞ்சு குடுக்கறான்?" என்று கேட்டார் மேலாளர். எதையும் ரசீதோடு பார்த்துப் பழகியவர்.

"அவனுக்குத் தேவப்பட்டுச்சு சார், செஞ்சான். நம்மளும் எடுத்துக்கலாம்னு விட்டுட்டான்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரப் போய்க் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க சார்."

அன்றைக்கு அவள் அந்த வார்த்தையைச் சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

கிடங்குகள் ஒன்பது ஆயின. எந்த ஆர்டரும் அந்தக் கணினிப் பெட்டியைக் கடந்துதான் போக வேண்டும். எந்தக் கிடங்கு எந்தத் திசையில், யாரை உள்ளே விடலாம், யாரை வாசலோடு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அதன் தலையில் 'தொடாதே' என்று தாள் ஒட்டியிருந்தாள். பெட்டி எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. கணினி அறைக்கு யார் வந்தாலும் அதைத் தட்டி, பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் காட்டும் தாய் போல, காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். நான்கு வருடம் தாண்டியபோது கணக்குப் பிரிவினர் அதற்கு மாலை போடலாமா என்று கேலி செய்தார்கள். அவள் அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிடம் ஒன்றைச் சொன்னால் அந்த நொடியே கேட்டுக்கொள்ளும். ஆனால் மின்சாரம் போய் வந்தால் மறந்துவிடும். மறக்கக்கூடாது என்றால் அதைத் தனியாக ஒரு கோப்பில் சேமித்து வைக்க வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பாலபாடம் இது. அவளுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு கிடங்கு திறக்கும்போதும் அந்தப் பக்கம் ஒருவர் "அக்கா, சீக்கிரம், லாரி நிக்குது" என்று போனில் கத்துவார். இவள் கட்டளையைத் தட்டுவாள். கிடங்கு உயிர் பெறும். சேமிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அணையாத பெட்டிக்கு மறதி எப்படி வரும்?

அவளோடு வேலை பார்த்த ஒரே ஆளுக்கு 'எதுக்கும்' என்று பெயர். எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வைப்போம், எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்பதால் அவள் வைத்த பெயர். முறையாக நெட்வொர்க் படித்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

"அக்கா, எதுக்கும் ஒரு ஞாயித்துக்கிழம அந்தப் பெட்டிய அணைச்சுப் போட்டுப் பாப்போமா? எல்லாம் திரும்பி வருதான்னு தெரிஞ்சுக்கலாம்."

"நல்லா ஓடற வண்டிய எதுக்குப்பா நிறுத்திப் பாக்கணும்?"

லினக்ஸுக்குப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தபோது இன்னொரு முறை சொன்னான். அதை ஏற்ற வேண்டுமானால் பெட்டியை அணைத்தே ஆக வேண்டும். "உனக்கு அந்த நாள் கணக்கப் பாத்தாப் பொறாம" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

அது அணைந்தது ஒரு காலை வேளையில். மின்தடை தாங்கும் பேட்டரியை மாற்ற வந்த மின்பணியாளர் எந்தக் கம்பி எதற்கு என்று தெரியாமல் ஒன்றைப் பிடுங்கி, பதறிப்போய் உடனே செருகியும்விட்டார். பெட்டி சமர்த்தாக எழுந்தது. ஆனால் நான்கு வருடத்துக்கு முந்தைய பெட்டியாக எழுந்தது. அதற்குத் தெரிந்தவை இரண்டே கிடங்குகள். மற்ற ஏழும் அது பிறந்ததிலிருந்து கேள்விப்படாதவை. ஆர்டர்கள் வந்து வாசலில் நின்று திரும்பிப்போயின. ஆஸ்பத்திரிகளிலிருந்து தொலைபேசி விடாமல் அடித்தது.

திரையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. 'எதுக்கும்' அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, ஒவ்வொரு கிடங்கா வருவோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க, நான் போன் போட்டு நெட்வொர்க் எண்ணெல்லாம் கேட்டுச் சொல்றேன்." பொழுது சாய்வதற்குள் ஆறு கிடங்குகள் வந்துவிட்டன. ஏழாவது மறுநாள்தான் வந்தது. அந்த இரவு ஒரு ஆஸ்பத்திரி, மருந்து வராமல், பக்கத்து ஆஸ்பத்திரியில் கைமாற்று வாங்கிச் சமாளித்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை அவள் சோற்றில் கை வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்துத்தான் போனாள். அவரோ நாற்காலியைக் காட்டினார்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. நான் அன்னைக்கே சொன்னேன். ஓசிச் சாமான் ஓசிச் சாமான்தான். திடீர்னு எல்லாத்தையும் மறந்துடுச்சாமே?"

மறுக்க வேண்டிய இடம் அதுதான். லினக்ஸ் எதையும் மறக்கவில்லை சார், நான் அதற்குச் சொல்லி வைக்கவேயில்லை என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளும் இந்தச் சம்பளத்தை நம்பி வாங்கிய வீடும் கூடவே வந்து நின்றதில், அதை மென்று விழுங்கினாள்.

"ஆமா சார்."

"பெரிய கம்பெனி ஒண்ணுகிட்டப் பேசிட்டேன். கருவி, மென்பொருள் எல்லாம் அவங்களோடது. பராமரிப்பும் அவங்களே பாத்துக்குவாங்க. அதனால நம்ம பக்கம் ஒரு ஆள் போதும். நீங்க இருங்க. அந்தப் பையன அனுப்பிடலாம்."

இப்போதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. சில நேரம் மனிதருக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான் போலிருக்கிறது.

வீட்டுக்காரரிடமும் மேலாளர் சொன்ன கதையையே சொன்னாள். அவர் நம்பினார். "நீ ராப்பகலா உழச்சத நான் பாக்கலையா? மெஷின் பண்ணதுக்கு நீ எதுக்கு அழறே?" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை கூடியது. இணையத்தில் அந்தக் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்து, 'நான் கோட்டைவிட்ட இடம்' என்று எழுத ஆரம்பித்து, அழித்தாள். அதற்குப் பிறகு அங்கே போவதையே விட்டுவிட்டாள். புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

'எதுக்கும்' வேலையை விட்டுப் போகும் நாளில் தன் கோப்பையையும் கேபிள் முனை அடிக்கும் கருவியையும் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பழைய பெட்டில இருந்ததெல்லாம் ஒரு காப்பி எடுத்து உங்க டிராயர்ல வெச்சிருக்கேன். புதுசுல ஏதாவது தகராறுன்னா உதவும். வரேன்க்கா."

"வேற எடம் பாத்துட்டியாப்பா?"

"பாத்துட்டிருக்கேன்" என்றான். போய்விட்டான்.

புதுக்கருவி பளபளவென்று வந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் ஓடியது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு புகார் நான்கு நாளாகக் கிடப்பில் கிடப்பதைச் சொல்ல மேலாளர் அறையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். மேலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பேசுங்க, பேசுங்க" என்றார்.

பேசியது ஒரு பெண். வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவுத் தலைவி. 'எதுக்கும்' அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், விசாரிக்க அவள் பெயரைத்தான் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

"ஆள் எப்படிங்க?"

"தங்கமான ஆளுங்க. வேலையில கண்ணும் கருத்துமா இருப்பார்."

"எங்களுக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு விஷயம் இடிக்குது. உங்க ஊழியர் யாரோ சொல்லி, அங்க நடந்த அந்த முடக்கத்தப் பத்திக் கேள்விப்பட்டோம். எங்க கம்பெனி முழுக்க லினக்ஸ்தான், அதனால என்ன ஆச்சுன்னு அவர்கிட்டயே கேட்டோம். மாத்தினத எதையும் சேமிக்காம விட்டுட்டேன், என் தப்புதான்னு சொன்னார். ஒத்துக்கிட்டது நல்ல குணம். ஆனா நாலு வருஷம் சேமிக்காம விட்டவரை நம்பி எங்க சர்வர எப்படிக் குடுக்கறதுன்னு யோசனையா இருக்கு. இன்னைக்கு முடிவு சொல்லணும்."

லினக்ஸ் மேல் பழி போட்டிருந்தால் அவனுக்கு அந்த வேலை அப்போதே போயிருக்கும். அவள் மேல் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். வெளியே போய்ப் பேசலாமா என்று ஒரு கணம் கதவைப் பார்த்தாள். வெளியே போனால் மறுபடி பாதி உண்மையோடு நின்றுவிடுவோம் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மேடம், அது அவர் தப்பு இல்ல" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. "சேமிக்காம விட்டது நான். அணைச்சுப் பாக்கலாம்னு அவர் ரெண்டு தடவ சொன்னார். நான் கிண்டல் பண்ணி விரட்டிட்டேன். மெஷின் மேலயும் தப்பு இல்ல. இங்க நான் அதச் சொல்லல. அதனால அவருக்கு வேலை போச்சு."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பெண், கோபமாக அல்ல, புரியாமல்தான் கேட்டார்.

"அப்புறம் எதுக்குங்க அவர் தன் தப்புன்னு சொல்லணும்?"

"நான் இன்னும் இங்க வேலையில இருக்கேன்ல மேடம், அதான்."

மேலாளர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.